இரண்டிலிருந்து எட்டு

பயிற்சியின் முதல் சனிக்கிழமை
ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து
உங்கள் மருத்துவமனையின் நிர்வாகப் படத்தை
வரையுங்கள் என்றார்கள்.
உச்சியில் கண்காணிப்பாளர்,
அடுத்து நிலைய மருத்துவ அலுவலர்,
செவிலியர், கணக்குப் பிரிவு,
லிஃப்ட் இயக்கும் பாண்டுரங்கம் வரைக்கும்
கட்டம் போட்டுவிட்டேன்.
என்னை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
தாளின் ஓரத்தில் ஒரு ஜன்னல் வரைந்தேன்.
அரையடி உயரம்,
ஒரு கை நுழையும்.

தண்டையார்பேட்டையில் பதினான்கு வருஷம்
நான் பார்த்ததெல்லாம் கைகள்.
வலைக்கயிறு அறுத்த கை,
ஐஸில் ஊறி வெளுத்த விரல்,
துறைமுகக் கரி போகாத நகம்.
சீட்டு உள்ளே வரும், மாத்திரை வெளியே போகும்.
காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்ட்டப்புறம்.
நிமிர்ந்து முகம் பார்த்தால்
வரிசை ஆம்புலன்ஸ் பாதையை அடைத்துவிடும்.

வகுப்பில் கொள்முதல் சொன்னார்கள், தேவைக் கணிப்பு சொன்னார்கள்.
கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு பேசாதீர்கள் என்றார்கள்.
பக்கத்து நாற்காலி ஃபிர்தவுஸ், மாதவரத்துக்காரர்,
"ஸ்டோரைத் திறக்கணும், பூட்டணும்,
வேற இன்னா மேடம் நிர்வாகம்" என்று கிசுகிசுத்தார்.
சிரிப்பை அடக்க இருமினேன்.

வீட்டுப்பாடம்:
உங்கள் வரிசையில் ஒருநாள் நீங்களே நில்லுங்கள்.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு
முகக்கவசத்தோடு ஏழே முக்காலுக்கு நின்றேன்.
எனக்கு முன்னால் நாற்பத்தொரு பேர்.
"இன்னாம்மா புதுசா?
அந்த ஃபேனாண்ட குந்து. தொறக்க இன்னும் நேரம் கீது."
காசிமேட்டில் மீன் விற்கிறவர்.
சீட்டை எட்டிப் பார்த்தேன். மரகதவல்லி, ஐம்பத்தெட்டு.
என் பேரேட்டில் நானே எத்தனையோ முறை எழுதிய பெயர்.

"வூட்ல ஃப்ரிட்ஜ் இல்ல. ஊசி மருந்த
மீன் பொட்டி ஐஸ்லதான் சொருகி வெச்சிக்கினு கீறேன்.
டாக்டரும் அளவ ஏத்திக்கினே போறாரு,
இந்த சக்கர எறங்கவே மாட்டேங்குது."

குளிர்ச்சியான இடத்தில் வையுங்க.
பதினான்கு வருஷம் நான் சொன்ன வாக்கியம்.
இரண்டு டிகிரியிலிருந்து எட்டுக்குள் என்று
அட்டையில் பொடி எழுத்தில் இருக்கிறது, ஆங்கிலத்தில்.
உறைந்த இன்சுலினை நம்ப முடியாது.
மாதாமாதம் இன்டென்ட் ஏறியபோது
சிவப்பு மையில் நான் எழுதிய குறிப்பு:
தேவை அதிகரிப்பு.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம்.
"ஃபார்மசி? ஸ்டாக் சரியா இருக்கில்ல? அடுத்து…"
"ஸ்டாக் சரியா இருக்கு சார்.
ஜன்னலைத் தாண்டினப்புறம் மருந்து செத்துப்போகுது."
கையைக் கட்டிக்கொள்ளவில்லை.
நடுங்கியதால் மேசைக்கடியில் வைத்திருந்தேன்.

கேட்டது இவ்வளவுதான்:
ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு
ஈர மணல் போட்டு வைக்க இருநூறு மண்பானை.
எட்டு மணிக்கே கவுண்டர் திறக்க ஓர் ஆள்.
மருந்தாளுநர் உட்கார்ந்து பேச
ஒரு மேசை, இரண்டு நாற்காலி.
கணக்கு அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார்:
"பானையை எந்தத் தலைப்புல எழுதறது?"
யாருக்கும் தெரியவில்லை.
கண்காணிப்பாளர் மட்டும் என்னைப் பார்த்து,
எத்தனை பேர் இப்படி என்றார்.
எண்ணவில்லை சார், எண்ணுகிறேன் என்றேன்.

மேசை வந்தது. நாற்காலி ஒன்று வந்தது.
பானைக் கோப்பு மூன்றாவது கையெழுத்தில் நிற்கிறது.
வியாழக்கிழமைகளில் நான் நின்றுகொண்டு எண்ணுகிறேன்.
இதுவரை நூற்றுப் பதினேழு.
மரகதவல்லி உட்கார்ந்ததும் என்னை உற்றுப் பார்த்தார்:
"அன்னிக்கு லைன்ல வந்து நின்னியே, நீதானே?
உள்ளாளா நீ? சொல்லவே இல்ல பாரு."

கடைசி சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை.
வியாசர்பாடி சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
சான்றிதழை ஃபிர்தவுஸ் வாங்கி வைப்பதாகச் சொன்னார்.
ஸ்டோரில் நானும் பாண்டுரங்கமும்
குளுக்கோஸ் பெட்டிகளை மேல் அலமாரிக்கு ஏற்றினோம்.
கரண்ட் போய் நாற்பது நிமிஷம்.
ஜெனரேட்டர் இருமி, நின்று, மறுபடி இருமியது.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
ஃப்ரிட்ஜின் வெப்பமானியில் கண் வைத்திருந்தேன்.
ஏழு.
ஏழரை.